வலது பக்கம்

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால், படிக்கட்டை ஒட்டி, கருவிகளைக் கழுவி நீராவியில் வேகவைத்து அனுப்பும் அறை. அவள் ஆறு வருஷமாக அங்கே வேலை பார்த்தாள். ரத்தம் காய்வதற்குள் தட்டுகள் வந்துவிடும். ஒவ்வொரு கருவியாகப் பிரித்து, அதன் மூட்டுகளைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். கேமரா வைத்துச் செய்யும் ஆபரேஷன்களின் கருவிகள்தான் ரொம்பப் படுத்தும். முழங்கை நீளம், பென்சில் கனம், நுனியில் எறும்பு வாய் மாதிரி ஒரு பிடி. அந்த வாயிடுக்கில் ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பிடித்த பிடியை விடாதவள் என்பதால் தியேட்டர் சிஸ்டர் அவளுக்குக் 'கிடுக்கி' என்று பேர் வைத்தார். டாக்டர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்று, கருவி வண்டியோடு இவளும் உள்ளே மாட்டிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் கதவை நெம்பித் திறந்து, "பயந்துட்டீங்களா?" என்றான். "பயம் என்ன பயம், இவ்வளவு நேரம் கழிச்சு இந்த செட்டை யார் வாங்குவாங்க? எல்லாத்தையும் மறுபடி கழுவணும்" என்று எரிந்து விழுந்தாள். அடுத்த மாதம் மூன்று தடவை, எந்தக் கோளாறும் இல்லாத லிஃப்டைப் பார்க்க அவன் வந்தான். நாலாவது தடவை அவன் அம்மாவோடு அவள் வீட்டுக்கே வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் அந்தப் பேச்சை எடுத்தாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அடிவயிற்றின் வலது பக்கம் ஒரு கட்டி வந்தது. வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கட்டியோடு வலது சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு நின்றது. இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்க அது ஒன்று போதும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு உலகம் வேறு மாதிரித் தெரியும்.

"கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதானே சொல்லச் சொல்றேன்?"

சிரித்துக்கொண்டேதான் அம்மா சொன்னாள். அவளும் சிரித்தாள். கல்யாணமான முதல் வாரம் அவன் அந்தத் தழும்பைத் தடவிப்பார்த்து, "இது என்ன?" என்று கேட்டபோது, "அப்பெண்டிக்ஸ்" என்றாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது.

மூன்று வருஷம் குழந்தை இல்லை. அந்த மூன்று வருஷமும் மாமியார் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர் அவர். "வரவேண்டிய தபால் வந்துதான் சேரும், அட்ரஸ் சரியா இருந்தா" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். நாலாவது வருஷம் உண்டானாள்.

ஒன்பதாவது வாரம் முதல் ஸ்கேன். பெரிய டாக்டர் என்று எல்லாரும் கூப்பிடும் டாக்டரம்மாவே திரையைப் பார்த்துச் சொன்னார். "குழந்தை நல்லா இருக்கு. ஆனா கிடுக்கி, உன் இடது ஓவரியில, அதான் சினைப்பையில, ஒரு நீர்க்கட்டி. அஞ்சு சென்டிமீட்டர் இருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அதுவா வத்திடும். அஞ்சு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

"வலது பக்கம் நல்லா இருக்கா டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"அது சரியாத் தெரியலை. குடல் மறைச்சுட்டா இப்படித்தான். கவலைப்படாதீங்க."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலாவது வாரம் கட்டி ஒன்பது சென்டிமீட்டர் ஆகியிருந்தது. இந்தத் தடவை டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது வத்தற ஜாதி இல்லை. ஓவரி ஒரு காம்புல தொங்கற பழம் மாதிரி. கனம் கூடக் கூடச் சுத்திக்கும். காம்பு முறுக்கிக்கிட்டா ரத்தம் போகாது, செத்துடும். அதனால பதினாறாவது வாரத்துல கேமரா வெச்சுப் பண்ணிடலாம். மூணு சின்ன ஓட்டை. கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துட்டு ஓவரியை அப்படியே விட்டுடுவேன்."

"குழந்தைக்கு?" என்றான் அவன்.

"ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதித் தர முடியாது. ஆனா அவசரத்துல நாலு கால் பாய்ச்சல்ல பண்றதைவிட இது எவ்வளவோ மேல். இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். "அப்பெண்டிக்ஸ் டாக்டர். பத்தொன்பது வயசுல. தழும்பு இருக்கு."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில், வேண்டாம் என்றவள் அவள்தான். மாமியார்கூடப் பண்ணிக்கொள்ளச் சொன்னார். "தினம் அந்த டாக்டரோட கையைப் பார்க்கறவ நீ. நீயே பயந்தா எப்படி?"

"குழந்தை இருக்கற வயித்துல கத்தி படக்கூடாது அத்தை. பிறந்ததுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்."

"முறுக்கிக்கும்னு சொல்றாங்களே."

"எல்லாருக்குமா முறுக்குது?"

அவன் அவள் தலையைக் கோதி, "உன் இஷ்டம்" என்றான். அவன் கண்ணில் ஒரு மரியாதை இருந்தது. பிள்ளைக்காகத் தன் உடம்பைப் பணயம் வைக்கிறாள் என்று அவன் நினைத்தான். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறமாதிரி எழுந்து போனாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கேமரா உள்ளே போனா எல்லாம் தெரிஞ்சுடுமேடி" என்றாள் அம்மா.

"டாக்டர்கிட்ட மட்டும் தனியாச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா காகிதத்துல எழுதுவாங்க. காகிதம் யார் கையில வரும்? மாப்பிள்ளை கையிலதானே? முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோத்துல மறைச்சாச்சு. இன்னும் ஆறு மாசம்."

மறுநாள் தியேட்டர் சிஸ்டர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இருபது வருஷம் தியேட்டரில் நின்றவர். சுற்றி வளைக்கத் தெரியாது. "கிடுக்கி, நீ பயப்படற ஆள் இல்லை. என்ன விஷயம்?"

அறையில் நீராவிப் பெட்டியின் இரைச்சல் மட்டும். சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் மணி அடித்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். "ஒண்ணும் இல்லை சிஸ்டர். மனசு கேக்கலை, அவ்வளவுதான்."

பதினேழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், இடது பக்கம் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் விட்டது. சாயங்காலம் மறுபடி வந்தது, விட்டது. விடிகாலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது உடம்பை இரண்டாக மடக்கிவிட்டு மறுபடி விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

புதன்கிழமை பதினோரு மணிக்கு விளக்கடியில் ஒரு பிடிப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வலி விடவில்லை. யாரோ உள்ளே கையை விட்டு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. கருவியைத் தட்டில் பத்திரமாக வைத்தாள். தொட்டியில் வாந்தி எடுத்தாள். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள்.

ஸ்கேனில் இடது சினைப்பைக்கு ரத்தம் போகவே இல்லை. குழந்தையின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கிரீஸ் கையோடு ஓடிவந்து, காகிதத்தில் கறுப்பு விரல் அடையாளம் பதியக் கையெழுத்துப் போட்டான். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று வண்டியோடு நடந்தான். தியேட்டர் கதவு வரைக்கும் அவள் அவன் கையை விடவில்லை. அவனிடம் சொல்ல அதுதான் நேரம். அவளுக்கே அது தெரிந்தது.

மேஜையில் படுக்கவைத்து, கர்ப்பப்பை தனக்கு அடியில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தாதபடி அவளை இடது பக்கமாகச் சாய்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் முகமூடியைக் கையில் எடுத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிஸ்டர், வலது பக்கம் கிடையாது."

"என்ன சொல்றே?"

"வலது பக்க ஓவரி. பத்தொன்பது வயசுல எடுத்துட்டாங்க. அப்பெண்டிக்ஸ் இல்லை."

கத்தரியை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றது. பெரிய டாக்டர் கையைக் கழுவி முடித்து, முழங்கையில் தண்ணீர் சொட்ட உள்ளே வந்து நின்றவர், முழுசாகக் கேட்டார்.

"மூணு வாரம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா உன்னைக் கட்டித் தூக்கிட்டு வந்தாவது பண்ணியிருப்பேனே."

"அவருக்குத் தெரியாது டாக்டர்" என்றாள் அவள். முகமூடி வந்து மூடியது.

தொப்புளுக்கு நாலு விரல் மேலே முதல் ஓட்டை. காற்றை மெதுவாக, வழக்கத்தைவிடக் குறைவாகவே ஏற்றினார்கள். கேமரா உள்ளே போனதும் திரையில் கர்ப்பப்பை இளஞ்சிவப்பாக, ஒரு பெரிய மாம்பழ அளவுக்குத் தெரிந்தது. டாக்டர் அதை எந்தக் கருவியும் தொடவிடவில்லை. வலது பக்கம் வெறுமையாக இருந்தது. இடது பக்கம் கட்டியும் சினைப்பையும் ஒன்றாகக் கத்திரிக்காய் நிறத்தில் உப்பிக்கிடந்தன. காம்பு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. டாக்டர் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துவிட்டார். நீரை உறிஞ்சிக் கட்டியைச் சுருங்கவைத்தார். பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். நிறம் திரும்பினால் பிழைத்துக்கொள்ளும். பத்து நிமிஷம். கால்மணி. வெதுவெதுப்பான நீர் விட்டுப் பார்த்தார்கள். நிறம் திரும்பவில்லை. பிடிப்பான் தொட்ட இடம் ஊறிய காகிதம்போலக் கிழிந்தது.

"ஒருநாளாவது ஆகியிருக்கும்" என்றார் டாக்டர். "நேத்து வந்திருந்தாக்கூட..."

அங்கி மேல் இன்னொரு அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். அவன் எழுந்து நின்றான். மாமியாரும் வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் அவனை மட்டும் கதவுக்கு உள்பக்கம் கூப்பிட்டார்.

"குழந்தைக்கு இதயத் துடிப்பு நல்லா இருக்கு. ஆனா ஓவரி செத்துப்போச்சு. எடுத்துத்தான் ஆகணும். விட்டா சீழ் பிடிச்சு ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

"எடுங்க டாக்டர். இன்னொண்ணு இருக்கில்ல?"

இந்த வேலையை டாக்டர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கையெழுத்து வேண்டும்.

"இல்லை" என்றார். "வலது பக்கம் பத்தொன்பது வயசுலயே எடுத்திருக்காங்க. இதையும் எடுத்துட்டா இனிமே அவங்களுக்கு இயற்கையாக் குழந்தை கிடையாது. இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்கு மேல அதை நஞ்சுக்கொடியே பார்த்துக்கும். ஆனா இதுதான் கடைசி."

அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடவேண்டும் என்று கேட்டான். டாக்டர் இடத்தைக் காட்டினார். போட்டான். வெளியே வந்ததும் மாமியார், "என்னடா சொன்னாங்க?" என்றார். "கட்டியை எடுக்கறாங்க. அவ்வளவுதான்" என்றான். அப்படியாக அவன் வாயிலிருந்தும் ஒரு பொய் வந்தது.

அவள் கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டை வலித்தது. வயிற்றில் ஏற்றிய காற்று அப்படித்தான் தோளில் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"குழந்தை இருக்கு" என்றான் அவன், பக்கத்து நாற்காலியிலிருந்து.

அவள் அழ ஆரம்பித்தாள்.

"அப்பெண்டிக்ஸா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துபோனான்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். மாத்திரையை எடுத்து வைப்பான், ஸ்கேனுக்குக் கூட்டிப்போவான், வெந்நீர் காய்ச்சி வாளியில் ஊற்றுவான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவளிடம் சொல்லவேண்டியதை அம்மாவிடம் சொன்னான். "அவளை வெயில்ல போக வேண்டாம்னு சொல்லும்மா." மாமியார், "ஏன், உன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு, புருஷன் பெண்டாட்டி ஊடல், தானாகத் தீரும் என்று விட்டுவிட்டார். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்று இல்லை என்று இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்தக் காகிதத்தையும் அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியார் யாரையோ பார்க்கப் போயிருந்தார். அவன் மிக்ஸியைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தான். அவள் எதிரே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"திட்டுங்க. அடிக்கக்கூடச் செய்யுங்க. இப்படி இருக்காதீங்க."

அவன் ஸ்குரூவைத் துணியில் வைத்தான். "டாக்டர் கேட்டப்ப நானே சொன்னேன், அப்பெண்டிக்ஸ்னு. நீ பக்கத்துல உக்காந்துட்டு தலையாட்டினே. என் வாயாலயே சொல்ல வெச்சே."

"பயமா இருந்துச்சு."

"நீ வேண்டாம்னு சொன்னப்ப, புள்ளைக்காகச் சொல்றேன்னு நினைச்சேன். வேலை பார்க்கற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டேன் தெரியுமா?"

அவள் கேட்டாள், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைக் கட்டிக்கிட்டிருப்பீங்களா?"

பொய் சொல்லக்கூடாது என்று அவன் யோசித்த மாதிரி இருந்தது.

"தெரியலை. கட்டிக்கிட்டிருப்பேன்னுதான் தோணுது. ஆனா அதை நான் தெரிஞ்சுக்கவே வழி இல்லாமப் பண்ணிட்டே."

திரும்பவும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தான்.

முப்பத்திமூன்றாவது வாரத்தில் பெண்குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அவன் தினமும் வேலைக்குப் போகும்முன்னும் வந்தபின்னும் அந்தப் பெட்டிமுன் நின்றான். பெட்டிக்குள் கையை விட அனுமதித்த முதல் நாள், குழந்தை அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அதை அவளிடம் வந்து சொல்ல வாயெடுத்து, வார்டு வாசலில் நின்று, சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனான். சிஸ்டர் வந்து சொன்னார்.

இரண்டு சினைப்பையும் போய்விட்டதால், டாக்டர் முன்பே எச்சரித்தபடி, பிரசவத்துக்குப் பிறகு அவள் உடம்பு மாறியது. இருபத்தெட்டு வயதில் ஐம்பது வயதுக்காரியின் உடம்பு. திடீரென்று கழுத்திலிருந்து நெருப்பு ஏறும். மாரும் முதுகும் தொப்பலாக நனைந்துவிடும். அதற்கு மாத்திரை இருந்தது. ஆனால் பால் கொடுப்பதால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தார் டாக்டர். மாமியார் ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்து, "புள்ளை பெத்த உடம்பு சூடாத்தான் இருக்கும்" என்று விசிறிவிட்டார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, ஒரு மத்தியானம், மாமியார் அதை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். "என் தங்கக்கட்டிக்கு ஒரு தம்பி வேணும். ரெண்டு வருஷம் போகட்டும்."

அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"இது ஒண்ணுதான்மா. எனக்குப் போதும்னு சொல்லிட்டேன்."

"யார்டா முடிவு பண்ணினது?"

"நான்தான்."

மாமியார் பாய்ந்தார். ஒண்டியாக வளரும் பிள்ளைக்கு நாளைக்கு யார் துணை என்றார். உனக்கு மூளை இருக்கிறதா என்றார். இந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டாயா என்றார். அவன் தட்டைக் கழுவிவைத்துவிட்டு எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டான். கடைசியில் மாமியார் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, "இவனைக் கட்டிக்கிட்டு நீ என்ன பாடுபடறியோ" என்று கோபமாக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அவள் அவன் பின்னாலேயே முன்னறைக்குப் போனாள்.

"எனக்காக..." என்று ஆரம்பித்தாள்.

"உனக்காகச் சொல்லலை" என்றான். குரலை உயர்த்தவில்லை. "எங்கம்மா உன்னை ஒரு மாதிரிப் பார்க்கறதைப் பார்த்துக்கிட்டு என் பொண்ணு வளரக்கூடாது."

"கோவம் போகவே போகாதா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "போச்சுன்னா சொல்றேன். போகலைன்னாலும் சொல்றேன்" என்றான். "ஒளிக்க மாட்டேன்."

அப்போது அவளுக்குக் கழுத்தடியில் சூடு கிளம்பியது. குழந்தை அவள் ஈரத்தில் வழுக்கிச் சிணுங்கியது. அவன் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடி அவன் தெருவில் இறங்கி நிழலான பக்கமாக நடந்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வேர்வை அடங்கும் வரைக்கும் நின்றாள். அவன் கோடி வீடு வரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான். முகம் குழந்தைப் பக்கம் இருந்தது. அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தான்.